ஆடியில் மண், ஐப்பசியில் சிந்தெடிக்

குமரி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் தடகளப் பருவமும் மழையும் ஒன்றாகத்தான் தொடங்கும். ஜூனில் பள்ளி திறக்கும், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் பிடித்துக்கொள்ளும். மைதானத்தில் தண்ணீர் வடிவதற்குள் குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கேட்டுவிடுவார்கள். ஆனி, ஆடி முழுக்கப் பிள்ளைகள் சேற்றிலும் சரல் என்கிற சிறுகல் தரையிலும் ஓடிப் பழகுகிறார்கள். குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டப் போட்டி, அதிலும் ஜெயித்தால் மாநிலப் போட்டி. அது பெரும்பாலும் ஐப்பசி வாக்கில், வேறொரு பெரிய ஊரில், சிந்தெடிக் டிராக்கில், அதாவது ரப்பர் பரப்பு போட்ட செயற்கை ஓடுதளத்தில் நடக்கும். முந்தின நாள் ரயில் ஏறி, காலையில் இறங்கி, அதுவரை கால் வைத்தே பார்க்காத ஒரு தரையில் அந்தப் பிள்ளை தன் வாழ்நாளிலேயே அதிக வேகத்தில் ஓட வேண்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். கல்லூரியில் 800 மீட்டர் ஓடியவள். என்னிடம் வரும் ஓட்டக்காரப் பிள்ளைகளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், கடந்த ஒரு மாதமாக எங்கே ஓடினாய் என்று கேட்பது வழக்கம். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். லீவு முடிந்து பள்ளி மைதானத்தில் ஓட ஆரம்பித்து மூன்று, நான்கு வாரம் ஆகியிருக்கும். அல்லது கடற்கரை மணலில் ஓடிக்கொண்டிருந்த பையன் தார் ரோட்டுக்கு மாறியிருப்பான். அல்லது மாநிலப் போட்டிக்குத் தேர்வாகி, யாரோ ஏற்பாடு செய்து சிந்தெடிக்கில் ஒரு வாரம் தீவிரப் பயிற்சி நடந்திருக்கும்.

"நம்ம ஊர்ல நல்ல டிராக் இல்ல, அதான் பிள்ளைகளுக்கு அடிபடுது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெற்றோர் சொல்கிறார்கள், பி.டி. சார்கள் சொல்கிறார்கள், மனு எழுதுகிறவர்களும் அதையே எழுதுகிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை யாரும் பேசாததால்தான் இதை எழுதுகிறேன். கால் எந்தத் தரைக்கும் பழகும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். தரை மாறும் வேகத்துக்கு எலும்பும் தசைநாணும் மாறாது. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவது அந்த அவகாசமும், பராமரித்த ஒரு மண் மைதானமும்தான்.

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. வேகம் கூடினால் இன்னும் ஏறும். தரை கெட்டியாக இருந்தால் அந்த விசை அப்படியே எலும்புக்குப் போய்விடும் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 1998லும் 1999லும் பெர்ரிஸ், பார்லி முதலானோர் வெளியிட்ட ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. ஓடுபவரின் கால் ஒரு ஸ்பிரிங்கைப் போலத் தன் விறைப்பை மாற்றிக்கொள்கிறது. மெத்தென்ற தரையில் கால் விறைக்கிறது, கெட்டித் தரையில் மூட்டுகளை மடக்கி இளகுகிறது. அதுவும் புதுத் தரையில் வைக்கும் முதல் அடியிலேயே இந்த மாற்றம் நடந்துவிடுகிறது. உடம்பு எவ்வளவு புத்திசாலி என்று இதைப் படித்த நாளில் வியந்துபோனேன்.

ஆனால் முதல் அடியில் மாறுவது தசைகளின் வேலைமுறை மட்டும்தான். எலும்பு அப்படி மாறாது. புதிய பளு விழும்போது எலும்பு முதலில் தன்னில் கொஞ்சம் கரைத்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைப்பதற்குச் சுமார் மூன்று வாரம், கட்டி முடிக்கச் சுமார் மூன்று மாதம். அதாவது தரையை மாற்றி மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் பிள்ளைக்குப் பயிற்சி பழகிவிட்டது என்று நினைத்து நாம் வேகத்தைக் கூட்டுகிறோம். குதிகால் நரம்பு, அதாவது கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டும் அந்தத் தடித்த தசைநாண், இன்னும் நிதானமானது.

குளச்சல் பக்கத்துப் பெண் ஒருத்தி, பதினொன்றாம் வகுப்பு, 1500 மீட்டர் ஓடுகிறவள். அம்மாவோடு வந்தாள். ஷின் பெயின் என்று அவளே சொன்னாள். இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது. கட்டிலில் காலை நீட்டச் சொல்லி, முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பு வழியாகக் கட்டை விரலால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே போனேன். விளிம்பு நெடுக ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக நொந்தால் அது ஷின் பெயின். ஓய்வும் முறையான பயிற்சியும் கொடுத்தால் அடங்கும். இவளுக்கு அப்படி இல்லை. விரல் நகர்ந்துகொண்டே வந்து ஓர் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட இல்லாத இடத்தில், காலை இழுத்துக்கொண்டாள். "ராத்திரி படுத்தாலும் நோவு உண்டா மக்கா?" என்றேன். தலையாட்டினாள். அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே எலும்பு டாக்டருக்கு எழுதிக்கொடுத்தேன். ஆரம்ப நாள்களில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும், ஸ்கேன் தேவைப்படும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஆசான்கிட்ட காட்டி தைலம் போட்டு உழிஞ்சாச்சே டாக்டரம்மா, பிறகும் கொறையலியே" என்றார் அவர். வர்ம ஆசான்களை மதிக்கிற ஊர் இது, நானும் மதிக்கிறேன். சுளுக்குக்கும் தசைப் பிடிப்புக்கும் அவர்கள் கை பேசும். அனுபவமுள்ள ஆசான் எலும்பில் நோவு என்று தெரிந்தால் அழுத்தித் தடவ மாட்டார். ஆனால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, எங்கே எப்படி வலிக்கிறது என்பதைப் பிள்ளை சொல்லாமல் விட்டால் ஆசானுக்கும் சிரமம், டாக்டருக்கும் சிரமம். ஒற்றை இடத்தில் நோவு, ராத்திரி நோவு, ஒற்றைக் காலில் குதித்தால் குத்தும் நோவு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். விரிசலோடு ஓடிய பிள்ளைக்கு எலும்பு முழுசாக முறிந்துபோகலாம்.

அந்தப் பெண் என்ன செய்திருந்தாள்? கோடை முழுக்க அண்ணனோடு கடற்கரை மணலில் ஓடினாள். ஜூனில் பள்ளிச் சரலில் ஓடினாள். பிறகு சிந்தெடிக்கில், ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஓட்டக் காலணியை இரவல் வாங்கிப் போட்டு, தினமும் 400 மீட்டர் ரிப்பீட், அதாவது அதே தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓடுவது. நாலே மாதத்துக்குள் மூன்று தரை, இரண்டு காலணி.

சிந்தெடிக் என்றால் கெட்டித் தரை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக் வரை நிலக்கரிச் சாம்பல் பரப்பிய டிராக்கில்தான் ஓடினார்கள். ரோஜர் பேனிஸ்டர் 1954 மே 6 அன்று 3 நிமிடம் 59.4 வினாடியில் ஒரு மைலை ஓடி முடித்ததும் ஆக்ஸ்போர்டில் அப்படிப்பட்ட சாம்பல் டிராக்கில்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக செயற்கைத் தளம் வந்தது. இன்று உலகத் தடகள அமைப்பு வைத்திருக்கும் விதிப்படி, கான்கிரீட்டில் விழும் அடியோடு ஒப்பிட்டால் டிராக் அந்த அதிர்வை 35 முதல் 50 சதவீதம் வரை குறைக்க வேண்டும். மிதிக்கும்போது 0.6 முதல் 2.5 மில்லிமீட்டர் வரைதான் அமுங்க வேண்டும். நனைந்தாலும் வழுக்கக் கூடாது, அதற்கும் அளவு உண்டு. தார்த் தளத்தின் மேல் சுமார் 13 மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் துகளும் பாலியூரித்தேனும் சேர்ந்த பரப்பு அது. ஒழுங்காகப் போட்டால் நம் ரோட்டையும், வெயிலில் இறுகிக் கிடக்கும் மண்ணையும்விட அது மென்மையானதுதான்.

பிறகு ஏன் அங்கே போனதும் வலி வருகிறது? பிடிப்பு ஒரு காரணம். மண்ணில் ஒவ்வொரு அடியிலும் கால் கொஞ்சம் பின்னால் வழுக்கும், கொஞ்சம் திரும்பும், மண்ணே நகர்ந்து கொடுக்கும். சிந்தெடிக்கில் ஸ்பைக்ஸ் ஊன்றிய கால் ஊன்றிய இடத்திலேயே நிற்கும். மண் வாங்கிக்கொண்ட திருகலைக் கெண்டைச் சதையும் குதிகால் நரம்பும் தொடையின் பின்தசையும் வாங்க வேண்டியிருக்கும். வேகம் இன்னொரு காரணம். தரை திருப்பிக் கொடுக்கும் உந்தலில் பிள்ளைகள் தங்களை அறியாமலே வேகமாக ஓடுகிறார்கள், பயிற்சியாளரும் ஸ்டாப்வாட்சைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு ரவுண்டு கொடுக்கிறார். ஸ்பைக்ஸ் ஆணியின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். மண் டிராக்கில் நீள ஆணி போடலாம், 25 மில்லிமீட்டர் வரை விதி அனுமதிக்கிறது. சிந்தெடிக்கில் ஓட்டத்துக்கு 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பெரும்பாலான டிராக்குகளில் 6 போதும். சீனியர் கொடுத்த மண் ஆணி ஸ்பைக்ஸோடு சிந்தெடிக்கில் இறங்கும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் இரவல் ஷூ, பழகாத ஷூ, கொப்புளம்.

தரை முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1977ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மக்மஹான், கிரீன் என்ற இருவர், மனிதக் காலின் விறைப்பைக் கணக்கிட்டு அதற்கு ஏற்ற அளவில் நெகிழும் ஒரு உள்ளரங்க டிராக்கை அமைத்தார்கள். காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன, ஓட்ட நேரமும் இரண்டு, மூன்று சதவீதம் மேம்பட்டது. அளந்து செய்தால் தரை இவ்வளவு செய்யும். ஆனால் பொதுவாக ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 2007ல் வந்த ஒரு பெரிய தொகுப்பு உட்பட, அழுத்தமாகத் தெரிவது வாரத்துக்கு எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்பதும், முன்பே காயம் இருந்ததா என்பதும்தான். தரையின் பெயரை மட்டும் வைத்துக் காயத்தைக் கணித்துவிட முடியாது. கென்யாவின் இட்டேன் ஊரில் உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் நம் செம்மண் போன்ற பாதைகளில்தான் தினமும் ஓடுகிறார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மாவட்டத்தின் மேற்கே பெரும்பாலான பள்ளி மைதானங்கள் மேட்டை வெட்டிச் சமன்படுத்தியவை. கீழே வெட்டுக்கல் பாறை, மேலே சரல் கலந்த செம்மண். ஒரு மழைக்காலம் போனால் நைஸ் மண் அடித்துக்கொண்டு போய்விடும், சரல் மட்டும் நிற்கும். வேறெங்கும் போக வழியில்லாத தண்ணீர் வளைவின் உள்பக்கம், முதல் லேனில்தான் தேங்கும். பிள்ளைகள் அந்தக் குட்டையைத் தாண்ட மூன்றாவது லேனுக்கு ஏறி, தாண்டியதும் சட்டென்று முதல் லேனுக்கு வெட்டித் திரும்புவார்கள். கணுக்கால் பிசகுவது அந்த இடத்தில்தான். நான் பார்க்கும் சுளுக்குகளில் பாதிக்கு மேல் ஓட்டத்தால் வந்தவை என்றே சொல்ல முடியாது, குட்டையால் வந்தவை. அந்தக் குட்டைக்கு ஒரு நாள் மண்வெட்டி பிடித்து வடிகால் வெட்டினால் போதும்.

கோடு போடுவதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் சில இடங்களில் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்புத் தூளையே தூவுகிறார்கள். ஈரத்தில் அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருக்கும் மைதானத்தில் அதைத் தொடவே கூடாது. காரமில்லாத மார்பிள் தூள் வாங்கிக்கொள்ளலாம்.

முழு 400 மீட்டர் டிராக் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் நம் ஊர் நிலத்தை நினைக்க வேண்டும். எட்டு லேன், ஒவ்வொன்றும் 1.22 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர், நேர்ப்பகுதி 84.39 மீட்டர். கூட்டிப் பார்த்தால் 177 மீட்டர் நீளம், 93 மீட்டர் அகலம். நாலு ஏக்கருக்கும் மேல். பத்து சென்டில் வீடு கட்டிப் பக்கத்தில் நாலு தென்னை வைக்கிற மாவட்டத்தில், சமமான 400 சென்ட் எத்தனை பள்ளிக்கு இருக்கும்? அதனால் 200 மீட்டர் டிராக்தான் பல இடங்களில். வளைவு இறுக்கமாக இருக்கும். எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுவதால் இடது காலும் வலது காலும் வேறு வேறு விதமாகத் திருகல் வாங்கும். வார்ம் அப்பையும் மெதுவான ரவுண்டுகளையும் எதிர்ப்பக்கம் சுற்றச் சொல்லுங்கள் என்று பி.டி. சார்களிடம் கேட்டுக்கொள்கிறேன். செலவே இல்லாத காரியம்.

நல்ல மண் டிராக் போடுவது நம் ஆட்களுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. அடியில் உடைகல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் சலித்த செம்மண்ணும் மணலும் கொஞ்சம் களிமண்ணும் கலந்த படுகை. ஒவ்வொரு படுகைக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். வெளி லேனிலிருந்து உள் லேனை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு மிகாமல் சரிவு, உள் விளிம்பை ஒட்டி ஒரு ஓடை. மழை முடிந்ததும் சரல் பொறுக்கி, மேல்மண் நிரப்பி, மறுபடி ரோலர். கோடையில் சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் தரை பாறையாக இறுகாது. போட்டுவிட்டு மறந்தால் இரண்டு மழையில் பழையபடி சரல்காடு. சிந்தெடிக்கும் அப்படித்தான். வெயிலில் வருடக் கணக்காகக் கிடந்த ரப்பர் ஷீட் விறைத்துப் போவதைப் போல அதுவும் விறைக்கும், இளக்கம் போய்விடும், ஓரம் பெயரும். பல கோடி செலவு செய்து போட்ட டிராக்குக்கும் கழுவ ஆள் வேண்டும், ஒட்ட ஆள் வேண்டும்.

கடலோர ஊர்களின் கதை தனி. சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், தேங்காப்பட்டணம் என்று எந்தக் கரையில் விடியற்காலையில் நின்றாலும் பையன்கள் ஓடுவதைப் பார்க்கலாம். பந்து விளையாடிப் பலப்பட்ட கால்கள். பி.டி.உஷா பய்யோலிக் கடற்கரையில் ஓடிப் பழகி, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வினாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டவர். அவரை அறியாத பயிற்சியாளர் இந்தக் கரையில் இருக்க முடியாது. மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998ல் அளந்திருக்கிறார்கள். மூச்சுக்கும் தொடைக்கும் அருமையான பயிற்சி, அதிர்வும் குறைவு. ஆனால் குதிகால் புதைவதால் கெண்டைச் சதைக்கும் குதிகால் நரம்புக்கும் இழுப்பு அதிகம். அலையை ஒட்டிய ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று அங்கே ஓடினால் கரை சரிந்திருக்கும், கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்ந்தே விழும். இடுப்பும் முட்டின் வெளிப்பக்கமும் அதனால் நோகும். கடல் உள்வாங்கிக் கரை விரிந்து சமமாகக் கிடக்கும் நேரம் பார்த்து ஓடுவதும், போன தூரமே திரும்பி வருவதும் நல்லது.

இந்தப் பையன்களில் பாதிப் பேர் போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாராகிறவர்கள். காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடத்துக்குள். ராணுவத்தில் 1.6 கிலோமீட்டர். எழுத்துத் தேர்வு முடிவு வந்ததும் மணலை விட்டுவிட்டு, வேலை முடியாத நாலுவழிச் சாலையில் காலையும் மாலையும் ஓட ஆரம்பிப்பார்கள். அப்படி ஓடி, உடல்தகுதித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது நொண்டிக்கொண்டு வரும் இளைஞனைப் பார்த்தால் மனசு கனக்கும். வீட்டின் நம்பிக்கை மொத்தமும் அந்தக் காலில் இருக்கும்.

இவர்களுக்கும் மாநிலப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது ஒன்றேதான். எந்தத் தரையில் தேர்வோ, அந்தத் தரையை இரண்டு மாதத்துக்கு முன்பே வாரம் ஒரு நாள் காலுக்குக் காட்டுங்கள். முதலில் சாதாரண ஷூவில், பாதித் தூரம், பாதி வேகம். இரண்டு, மூன்று வாரம் நோவில்லாமல் போனால் வாரம் இரண்டு நாள். ஸ்பைக்ஸை அதற்குப் பிறகு, கடைசி சில ஓட்டங்களுக்கு மட்டும் மாட்டுங்கள். தரை, ஷூ, தூரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றிப் பைய இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில், எல்லாம் நன்றாகப் போகிறது என்று தோன்றும்போது, வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து ஓடுங்கள். பக்கத்தில் சிந்தெடிக் இல்லாத ஊர்ப் பிள்ளைகள் சமமான கெட்டி மண்ணில் இதைச் செய்யலாம். ஒரு நாள் முன்னதாகப் போய் மாலையில் இரண்டு ரவுண்டு மெதுவாக ஓடிப் பார்க்க வாய்ப்பிருந்தால், அந்த ஒரு நாள் தங்கும் செலவை ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

போட்டிக்கு ஓடாதவர்களுக்கு வருகிறேன். எண்ணிக்கையில் அவர்கள்தானே அதிகம். "ஓடினா முட்டு தேஞ்சிரும்" என்பதை என்னிடம் சொல்லாத நோயாளி குறைவு. 2017ல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில், உடல்நலத்துக்காக அளவாக ஓடுபவர்களில் இடுப்பு, முட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2. போட்டி அளவில் கடுமையாக ஓடியவர்களில் 13.3. அளவாக ஓடுவது முழங்காலைக் கெடுப்பதாக எந்த அறிகுறியும் இல்லை. 2014ல் 55,000க்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், தினமும் ஐந்து, பத்து நிமிட மெதுவோட்டம்கூட இதயநோய் மரணம் குறைவாக இருப்பதோடு தொடர்பு காட்டியது. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது, நமக்கு வடக்கே கேரளத்தில் 25.5. நம் சாப்பாடும் பழக்கமும் அவர்களுடையதிலிருந்து வெகுதூரம் இல்லை. ஊருக்கு ஊர் நடக்க ஓர் இடம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆனால் நடப்பவருக்கு வேண்டிய தரை வேறு, ஓடுபவருக்கு வேண்டிய தரை வேறு. நடக்கும்போது காலில் விழும் விசை உடல் எடையைவிடச் சற்றுத்தான் கூடுதல். அதனால் தரை மெத்தென்று இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சமமாக இருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், நிழல் வேண்டும், பைக் வரக் கூடாது. அனந்தனாறு, புத்தனாறு, தோவாளை சானல் என்கிற பாசனக் கால்வாய்களின் கரைகளில் நடப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தண்ணீர், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, இதைவிட நல்ல நடைபாதை உலகத்தில் குறைவு. ஆனால் இருட்டில் கல் தடுக்கும், நாய் துரத்தும், பைக் உரசிக்கொண்டு போகும். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டத்துக்கு ஓர் 8 கிலோமீட்டர் நடைபாதை என்றது. நல்ல தொடக்கம். எட்டு கிலோமீட்டர் பாதைக்குப் பஸ் ஏறிப் போக முடியாத அம்மாமாருக்கு வீட்டுப் பக்கத்தில் 300 மீட்டர் சானல் கரை சுத்தமாக இருந்தாலே போதும்.

பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பலருக்கும் அது பிடிக்கும். ஆனால் சர்க்கரை நோய் வந்து வருடங்கள் ஆனவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கல் குத்தியது தெரியாது, புண் ஆனதும் தெரியாது, சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். அவர்கள் வெறுங்காலோடு கூழாங்கல்லில் மட்டுமில்லை, வெயிலில் காய்ந்த சிந்தெடிக்கிலும் நடக்கக் கூடாது. உச்சிவெயிலில் அந்தப் பரப்பு பாதம் பொசுங்கும் அளவுக்குச் சுடும்.

பெண்கள் மைதானத்துக்கு வராததற்குத் தரை காரணமில்லை. விடிவதற்கு முன்னும் வேலை முடிந்து இருட்டிய பின்னும்தான் அவர்களுக்கு நேரம். அந்த நேரத்தில் விளக்கு எரியாது, கழிப்பறை பூட்டியிருக்கும். வருகிற சிலரும் வீட்டில் போடும் தட்டைச் செருப்போடு சரலில் நடந்து, குதிகால் வலியோடு என்னிடம் வருகிறார்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குத்துகிறது என்பார்கள். நடையை நிறுத்தச் சொல்வதில்லை நான். குதிகால் பக்கம் தடித்த அடியுள்ள ஒரு ஷூவும், சமமான தரையும், கெண்டைச் சதைக்கு நீட்டல் பயிற்சியும் கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

சிந்தெடிக் டிராக் நம் மாவட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மாநிலத்துக்கு ஓடும் பிள்ளை அதை முன்கூட்டியே மிதித்துப் பார்ப்பது அவள் உரிமை. ஆனால் அது போட்ட அன்றே கேட்டைப் பூட்டிவிடக் கூடாது. உள் லேன்களை ஓட்டக்காரர்களுக்கு விட்டு, வெளியே சுற்றி ஒரு மண் நடைபாதை போட்டால் எல்லாரும் ஒரே கேட் வழியாக வரலாம். வயசானவர்கள் நடக்க வரும் மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கும் தைரியம் கூடும்.

மே 1ஆம் தேதி கிராம சபை. அதற்குப் பிறகு மழைக்கு ஒரு மாதம்தான். அன்றைக்கு எழுந்து நின்று, பள்ளி மைதானத்தின் உள்வளைவுக்கு ஒரு வடிகால், மழைக்கு முன்பும் பின்பும் ரோலர், சானல் கரையில் விளக்கு என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். டிராக்குக்கு மனு கொடுக்கிறவர்கள் அதையும் கொடுங்கள். கோடை லீவில் மணலில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், மே மாதம் பாதியிலேயே வாரம் ஒரு நாள் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாக ஓடவிடுங்கள். ஜூனில் பி.டி. சாரிடம், இவள் லீவில் எங்கே, எந்த ஷூவில், எவ்வளவு ஓடினாள் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.